எத்தாங்

கைபேசியின்படி நான் இப்போது
கழுத்தளவு நீரில் நிற்கிறேன்.
காலடியில் உடைந்த டைல்ஸ், கொட்டிய செம்மண்,
மனை எண் பதினாறு என்று ஒரு கல்.

பிரெஞ்சுக்காரன் வரைந்த தாளை ஸ்கேன் செய்து
கோயில் மூலை, மதகு, சாலை முக்கு என
ஒவ்வொன்றாய்க் குத்திப் பொருத்தி
செயற்கைக்கோள் படத்தின்மேல் விரித்தபோது
பாகூருக்குக் கிழக்கே
பூசணி விதை அளவில் ஒரு நீலம்.
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்: எத்தாங்.
குளம் என்று அர்த்தமாம், ஜோசபின் சொன்னாள்.
ஊரில் என்ன பேரென்று
அவன் கேட்கவில்லை போல.

"பிளாட் பார்க்க வந்தீங்களா?"
துண்டோடு வெளியே வந்தார் தணிகாசலம்.
குளம் பார்க்க, என்றேன்.
சிரிக்கவில்லை.
உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார்:
கட்டிலுக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு,
ஒரு சாண் மேலே இன்னொன்று.
"இது போன ஐப்பசி. அது புயலப்ப."
வீட்டுக் கடன் இன்னும் பதினோரு வருடம்.

படிவத்தில் தாண்ட முடியாத ஒரு கட்டம்:
ஆக்கிரமிப்பா? ஆம். இல்லை.
விரல் அங்கேயே நின்றது.

டேப்பை விரித்தேன்.
தரையோடு ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார்.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
எண்பத்தைந்து.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
குளத்தின் கரை
தணிகாசலம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

சேமிக்க மறுத்தது.
மறுபடி அழுத்தினேன்.
"சிக்னல் மாடியிலதான் கெடைக்கும்,
ஏறிப் பாருங்க," என்றார்.
"தண்ணி வந்தா நாங்களும் அங்கதான்."