ஏசித் தண்ணீர்

சோஹாரில் அக்டோபர் முடிகிற வாரம்.
கதவைத் திறந்தால் முகத்தில் அறையாத காற்று.
அன்றுதான் வாங்கினேன்
நாலு விதைப் பொட்டலம், ஒரு மூட்டை ஆட்டெரு.
நான் புரசைவாக்கத்து மூன்றாம் மாடிக்காரன்.
மண் எனக்குத் தெரிந்தவரை
செருப்பில் ஒட்டி வந்து
திட்டு வாங்கித் தருவது.

குடியிருப்பின் பின்சுவருக்கும்
ஜெனரேட்டர் கூண்டுக்கும் நடுவே
பத்தடிக்கு நாலடி.
கிளறக் கிளறச் சிப்பி, சிமென்ட் கட்டி,
யாரோ தொலைத்த ஒற்றைச் சாவி.
ஆணியில் மாட்டிவைத்தேன்.
கேட்டு யாரும் வரவில்லை.

அறைத்தோழன் அமலதாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு,
"சூக்கில் நூறு பைசாவுக்கு ஒரு கட்டுக் கீரை.
நீ எருவுக்கே ரெண்டு ரியால் அழுதிருக்கே" என்றான்.
கணக்கில் அவன் கெட்டிக்காரன்.

கொத்தமல்லியை முழுசாகப் போட்டுவிட்டு
பதினெட்டு நாள் வெறும் தரையைப் பார்த்திருந்தேன்.
செருப்பால் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டுமாம்.
முள்ளங்கி மட்டும் நாலாம் நாளே
மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது,
காத்திருந்த மாதிரி.
அந்தக் குஷியில்
மூன்று தக்காளி நாற்றைக் களையென்று பிடுங்கி எறிந்தேன்.
ஏதோ ஒரு களைக்குக் குச்சி நட்டு
நூல் கட்டி, மூன்று வாரம் வளர்த்தேன்.
நன்றாகவே வளர்ந்தது.

குழாயில் உப்புத் தண்ணீர்.
காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம்.
ஏசியின் வெளிக்குழாய்க்குக் கீழே பெயின்ட் வாளியை வைத்தேன்.
ஓர் இரவுக்கு ஒரு வாளி.
ஐந்து பேர் விட்ட மூச்சு,
கொடியில் காயும் பனியன்களின் ஈரம்,
அமலதாஸின் குறட்டைகூட
குளிர்ந்து, சொட்டி,
கத்தரி வேருக்குப் போனது.

டிசம்பரில் செடிகளுக்குச் சுகம். எங்களுக்கும்.
ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினோம்.
காலையில் வாளியைப் பார்த்தேன்.
அடியில் செத்த கொசு ஒன்று.

குளிர் வந்தால்தான் காய்க்கும்.
குளிர் வந்தால் தண்ணீர் நின்றுபோகும்.
இதை விதைப் பொட்டலத்தில் எவனும் அச்சடிக்கவில்லை.

உப்புத் தண்ணீரையே ஊற்றினேன்.
அவரை இலை ஓரம் கருகிச் சுருண்டது.
வெள்ளை ஈக்குப் பாத்திரச் சோப்பைக் கரைத்துத் தெளித்தேன்.
கத்தரிப் பூ இரண்டு உதிர்ந்த அன்று
சாப்பாட்டின்போது நான் பேசவில்லை.
ஏன் என்று அவன் கேட்கவுமில்லை.

ஜனவரியில் ஒரு நாள்
நைட் ஷிஃப்ட் பாதியில் முடிந்து திரும்புகிறேன்.
கதவைத் திறந்ததும் எலும்பு வரைக்கும் குளிர்.
ஏசி பதினாறில் ஓடுகிறது.
நாலு பேரும் இரட்டைக் கம்பளிக்குள்,
ஒருவன் குரங்குக் குல்லாயோடு.
ரிமோட் அமலதாஸின் தலையணைக்கு அடியில்.
"என்னடா இது?"
"புழுக்கமா இருந்துச்சு," என்றான்
பல் கிட்டிக்க.
பின்சுவர்ப் பக்கம்
வாளியில் சொட்டு விழும் சத்தம்.
கரண்ட் பில் கம்பெனி தலையில்.

முதல் தக்காளி எலுமிச்சை அளவு.
ஷேவிங் பிளேடால் ஐந்தாகப் பிரித்து உப்புத் தூவினான்,
தன் துண்டு சின்னதென்று சண்டையும் போட்டான்.
கத்தரி பதினொன்று. முள்ளங்கி பாதி மரக்கட்டை.
களையில் ஊதாப் பூ.

இப்போது ஏப்ரல்.
காற்று மறுபடி அறைகிறது.
ஏசி ராப்பகலாக ஓடுகிறது,
வாளி நிரம்பி வழிகிறது,
வழிந்து ஓடும் வழியில்
குடிப்பதற்குக் குச்சிகள்தான் நிற்கின்றன.
சாவி தொங்கும் அதே ஆணியில்
விதைக்கு விட்ட கத்தரிப் பழம் ஒன்று
மஞ்சளாக வற்றிக்கொண்டிருக்கிறது.
அதை யாரும் தொடக் கூடாது என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான்
அமலதாஸ்.