பெருநாளுக்கு முந்தின நாள், மெர்சின்

சில்லறையை முன்னால் அனுப்புங்கள்.
கைமாறிக் கைமாறி வரட்டும்.
கடைசி வரிசையில் கிளம்பும் நாணயம்
என்னிடம் வந்து சேர்வதற்குள்
ஆறு உள்ளங்கைகளின் சூடு ஏறியிருக்கும்.
இத்தனை வருடத்தில் ஒரு லிராவும் வழியில் தொலைந்ததில்லை.
ஒரே ஒரு முறை காசுக்குப் பதில்
ஒரு சட்டைப் பொத்தான் வந்தது.
அதையும் வைத்திருக்கிறேன்.

துறைமுகத்திலிருந்து கல்லறை வரை
நாளைக்குப் பதினான்கு நடை.
புதிதாய் ஏறுகிறவர்கள் கேட்பார்கள்:
இங்கே பழசு என்ன இருக்கிறது?
பழசு மேற்கே இருக்கிறது,
கடலோரம் கொஞ்சம் ரோமானியத் தூண்கள்.
மிச்சத்தைப் பெயர்த்துத்தான்
இந்த ஊருக்கு அஸ்திவாரம் போட்டார்கள் என்பார்கள்.
ஊருக்கு நூற்றைம்பது வயது, மிஞ்சினால் இருநூறு.
நகரங்களின் கணக்கில்
இன்னும் பால்பல் விழவில்லை.

எங்கோ அமெரிக்காவில்
அண்ணனும் தம்பியும் சுட்டுக்கொண்டார்கள்.
மான்செஸ்டர் தறிகள் பஞ்சில்லாமல் வாய் பிளந்தன.
நாலு மீனவக் குடிசை இருந்த இந்தக் கரையில்
பொதி பொதியாய் வந்து இறங்கியது பருத்தி.
பொதிக்குப் பின்னால் தரகன்,
தரகனுக்குப் பின்னால் வங்கி, பள்ளிவாசல், மாதாகோயில்,
பிறகு ரயில்.
பெய்ரூட், சைப்ரஸ், கிரீட், கெய்சேரி...
யாரும் இங்கே வேர்விட வரவில்லை,
கணக்கெழுத வந்தார்கள்.
பேரேடு முடிவதற்குள்
பிள்ளைகள் பிறந்துவிட்டன.

இடப்பக்கம் பாருங்கள், படித்துறைத் தெரு.
கடலைத் தேடாதீர்கள்.
மண் கொட்டினார்கள், பனை நட்டார்கள்,
பூங்கா என்று பலகை வைத்தார்கள்.
கடல் சண்டை போடவில்லை.
நெரிசல் வண்டியில் பருத்த ஆளுக்கு இடம் விடுகிறவள் மாதிரி
சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டது.
அந்த உயரக் கட்டடம்?
நாட்டிலேயே உயரம் என்று கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டோம்.
இஸ்தான்புல் முந்திவிட்டது.
இப்போது வழி சொல்ல உதவுகிறது.

இன்று வண்டி முழுக்கப் பச்சை வாசனை.
டோரோஸ் மலையிலிருந்து தோந்து இறங்கி வந்து
முர்த் கிளைகளைக் கட்டுக் கட்டாய் விற்கிறாள்.
வெள்ளைப் பூ, கருநீலப் பழம், நசுக்கினால் மணக்கும் இலை.
இந்தப் புதரின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள் என்று ஒரு பேச்சு.
பெருநாளுக்கு முந்தின நாள்
இறந்தவர்களின் தலைமாட்டில் இதை வைப்பது வழக்கம்.

மதாம் மாதில்த் இரண்டு கட்டு வாங்கினாள்.
அவளுக்கு இது பெருநாளே அல்ல.
ஒன்று சிலுவைக்குக் கீழே கிடக்கும் தம்பிக்கு.
ஒன்று கீழ்வீட்டு நூரியேயின் புருஷனுக்கு;
நூரியேவுக்கு மூட்டுவலி, படியிறங்க முடியாது.
நல்லவேளை, இங்கே எல்லோருக்கும் வாசல் ஒன்று.
இரண்டு நடை நடக்க வேண்டாம்.

கல்லறை நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள்.
கடைசி வரிசை ஆள் இறங்கவில்லை.
ஃபவாஸ், அலெப்போக்காரன், துறைமுகத்தில் பற்றவைப்பு வேலை.
மடியில் ஒரு கட்டு.
"இங்கேதான்" என்றேன்.
"தெரியும்" என்றான்.
வண்டி திரும்பியது. மறுபடி ஆள் ஏறினார்கள்.
இரண்டாம் முறையும் காசு அனுப்பினான்.
நான் வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன்.
அது மறுபடி முன்னால் வந்தது.

சந்தைப் பக்கம் கதவு திறந்தது.
பின்னாலிருந்து ஒவ்வொரு கையாய்
நாணயம் வருகிற வழியிலேயே
அந்தக் கட்டு வந்தது.
"யாருக்கு?" என்றான் மாணவன் ஒருவன்.
"முன்னால் அனுப்பச் சொன்னார்கள்."
கண்ணாடியில் பார்த்தேன். இருக்கை காலி.

என்னை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை:
மார்தின் பக்கம் ஒரு மலைச்சரிவு,
இப்போது ஊர் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.
அப்பா அங்கே.
பதினான்கு நடையில் ஒன்றுகூட
அந்தப் பக்கம் போகாது.

கட்டை முன்கண்ணாடியில் சாய்த்தேன்,
பொத்தானுக்குப் பக்கத்தில்.
பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார்.
சரி, போகலாம்.
உள்ளே தள்ளி நில்லுங்கள்.
சில்லறை இருந்தால் நல்லது.