கிளறாதே

முதல் விதி அதுதான் என்றார்.
அரிசி விழுந்தபின் கரண்டி படக்கூடாது.
இருபது வருஷம் கிளறிய கை எனக்கு.
கட்டிப்போடவா என்று கேட்டேன்.

நாலு வருஷம் வலென்சியா பக்கம்
ஒரு நெல் மில்லில் மெஷின் ஓட்டியவர்
கொண்டுவந்தது முழங்கால் வலி,
ஒரு கம்பளிச் சட்டை,
தீப்பெட்டி அளவு டப்பாவில் குங்குமப்பூ.
டப்பாவைப் பார்த்த எதிர்வீட்டுச் செண்பகவல்லி
அடுத்து என் வயிற்றைப் பார்த்தாள்.
எனக்கு நாற்பத்து மூன்று.
"சோத்துக்குடி" என்றேன். நம்பவில்லை.

அங்கேயும் வாய்க்கால், மடை, கொக்கு,
சேற்றில் டிராக்டர்.
ஞாயிற்றுக்கிழமை ஆம்பிளைகள் சமையல்.
கடைசியைக் கேட்டதும்
செண்பகம் உட்கார்ந்துவிட்டாள்.

சட்டி, சவரிராயன் வெல்டிங் பட்டறையில்.
வண்டிச் சக்கர அகலம், நாலு விரல் ஆழம்.
"என்னது, பாயேயாவா?
பாயா தெரியும். ஆட்டுக்கால்.
இடியாப்பம் நான் வாங்கியாறேன்."
சொன்னபடி வாங்கியும் வந்தார்.

அரிசிக்குத்தான் அலைந்தோம்.
பொன்னி குழைந்தது.
சீரகச் சம்பா தன் வாசத்தையே
பேசிக்கொண்டிருந்தது.
ஆடுதுறை முப்பத்தேழு,
இட்லிக்கு ஊறப்போடும் குண்டரிசி,
விருந்துக்கு யாரும் அழைக்காதது,
கோழிச் சாற்றைக் குடித்துக் குடித்து
நிமிர்ந்து நின்றது.

மொச்சை இருந்தது. நாட்டுக்கோழி இருந்தது.
பிறகு அவர் நத்தை என்றார்.
பெரியத்தான் துண்டை உதறி எழுந்தார்.
"நம்ம அடுப்புலயா?"
நடவுக்குக் குனிகிறவர்கள் பொறுக்கி
வயலோரமே அவித்துத் தின்பது அது.
அதைச் சொல்லியே
ஆளைத் தாழ்த்துவதும் உண்டு எங்கள் ஊரில்.
"நான் இருந்த வீட்டுல
நத்தை போட்டாத்தான் விருந்து" என்றார் இவர்.

பக்கிரிசாமி அரைப்படி கொண்டுவந்தார்,
மூன்று நாள் தவிட்டில் போட்டு
ஏழு தண்ணீர் கழுவி,
கொல்லை வழியாக.
அடுப்பு வாசலில் இருக்கு,
வாசலுக்கு வாங்க என்றார்கள்.

பாமணியாற்றங்கரை, ஐப்பசி ஞாயிறு,
சவுக்கு விறகு.
அரிசியைச் சட்டிக்குக் குறுக்கே
வரப்பு போலக் கொட்டி, பரப்பி,
கரண்டியை என்னிடம் பிடுங்கி
இடுப்பில் சொருகிக்கொண்டார்.
பத்தாவது நிமிஷம் மழை.
மூடவும் கூடாதாம்.

நெல் மூடும் தார்ப்பாய் வந்தது.
ஒரு முனை சவரிராயன்.
ஒரு முனை செண்பகம்.
ஒரு முனை பக்கிரிசாமி.
நாலாவது முனை ஆளில்லாமல் படபடத்தது.
பெரியத்தான் பிடித்தார்.
"அரிசி நனையுதேன்னு புடிச்சேன்,
நத்தைக்கில்ல."

சாறு வற்றி, சட்டி
சின்னச் சின்னதாய் வெடித்துப் பேசியது.
காந்தல் வாசனை.
கல்யாணமான முதல் மாசம்
அடிப்பிடித்த பானையை
இருட்டில் குளத்தில் தேய்த்தவள் நான்.
"தீஞ்சுபோச்சு" என்று பாய்ந்தேன்.
அவர் சட்டிக்குக் காதைச் சாய்த்து
இன்னும் கொஞ்சம் என்றார்.

தட்டெடுக்கப் போன மகளை நிறுத்தினார்.
தட்டு கிடையாது.
சட்டியைச் சுற்றி உட்கார வேண்டியது.
ஆளுக்கொரு கரண்டி.
எதிரே இருப்பது உன் பங்கு,
ஓரத்திலிருந்து நடுவுக்கு.

பெரியத்தான் நின்றார்.
பக்கிரிசாமியும் நின்றார், அவருக்கு
ஆயுள் முழுக்கப் பழகிய கணக்கு.
முதலில் உட்கார்ந்தது யார்
என்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் அடி சுரண்டிக்கொண்டிருந்தேன்.
பொறுபொறுவென்று, தகடு தகடாக,
அத்தனை சாறும் அங்கேதான் இறங்கியிருந்தது.
இருபது வருஷம் நாய்க்குப் போட்டேனே இதை.

நிமிர்ந்தபோது
அவர்கள் இருவருக்கும் நடுவில்
இரண்டு விரல் சோறு.
பெரியத்தான் தன் பக்கத்து நத்தைகளை
ஒவ்வொன்றாய் அந்தப் பக்கம் தள்ளினார்.
வெறுத்தா, கொடுத்தா, தெரியவில்லை.
பக்கிரிசாமி ஒரு காந்தல் தகட்டை
இந்தப் பக்கம் தள்ளினார்.
பெரியத்தான் அதைக் கடித்த சத்தம்
எல்லாருக்கும் கேட்டது.

இடியாப்பம் பிரிக்காமலே மிஞ்சியது.
அதைத் தூக்கிக்கொண்டு போன சவரிராயன்
திரும்பி வந்து
காலிச் சட்டியைச் சாண் போட்டு அளந்தார்.
"சின்னதா வெட்டிட்டேன்" என்றார்.