குளிர்காலப் பக்கம்

டிக் டிக் டிக் டிக்.
பிறகு ஒன்றுமில்லை.
மூன்று தரம் முயன்றுவிட்டுச்
சிவப்பு லைற்றைப் போட்டுக்கொண்டு
படுத்துவிடுகிறது
எங்கள் வண்டியின் சுடுதண்ணிப் பெட்டி.

வாவாவுக்கு வெளியே
பதினேழாம் இலக்கத் தரிப்பிடம்.
செப்டம்பர் கடைசி.
சுப்பீரியர் ஏரி விடியவிடியப் பல்லை நெறுமுகிறது.
இரண்டு நாளாய்க் குளிப்பில்லை.
கேத்தில் தண்ணியில்
ஆளுக்கொரு கோப்பை, முகத்துக்கு மட்டும்.

"பற்றரிதான்" என்றார் அருந்தவன்,
கையேட்டின் பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தபடி.
பற்றரி பன்னிரண்டரை வோல்ற் காட்டியது.
"அப்ப காஸ்."
அடுப்பைப் பற்றவைத்தேன்.
நீலமாய், அசையாமல் நின்று எரிந்தது.

பக்கத்து வண்டி ரெஜான்
பியர் ரின்னோடு வந்து குனிந்து பார்த்து
பெட்டியையே மாற்றவேண்டும் என்றான்.
ஆயிரத்து இருநூறு டொலர்,
கூலி வேறு.
அதற்குப் பிறகு இரண்டு ஆம்பிளைகளும்
மீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் மார்க்கத்தில்
பத்தொன்பது வருசம் சர்க்கிட் பலகைக்கு ஈயம் ஒட்டுகிறவள்.
குறை எங்கே என்று பலகை சொல்லாது.
ஒரு முனையில் தொடங்கி
மற்ற முனை மட்டும் போகவேண்டும்,
அவ்வளவுதான்.

வெளிக்கதவைக் கழற்றினேன்.
எரிகுழலின் வாய்க்குள்
வெள்ளையாய் ஒரு வலை,
நடுவில் மிளகளவு சிலந்தி.
மகளின் கலியாணத்துக்கு வாங்கிய மஸ்காராத் தூரிகையை
உள்ளே விட்டுச் சுழற்றினேன்.
சிலந்தி என் மணிக்கட்டில் ஏறி
தன் பாட்டில் இறங்கிப் போனது.

டிக் டிக்,
பக்கென்று பிடித்தது.
சிவப்பு அணைந்தது.
ரெஜான் ரின்னை உயர்த்தினான்,
தான் திருத்தியதுபோல.

அரை மணித்தியாலம் பொறுத்து
பைப்பைத் திறந்தேன்.
ஆறிப்போன ரசம்.
பெட்டியைத் தொட்டால் கை சுடுகிறது,
தண்ணிக்கு மட்டும் சேதி போகவில்லை.

மெத்தையைத் தூக்கி
நாலு ஆணி கழற்றி
ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கட்டிலுக்குக் கீழே நுழைந்தேன்.
மூன்று வால்வு.
இரண்டின் பிடி குழாயோடு நேராய்.
மூன்றாவதும் நேராய்.
அதுதான் பிழை.
அது குறுக்கே நிற்கவேண்டிய பிடி.
மாரியில் தண்ணி உறையாமல் இருக்கப்
பெட்டியைச் சுற்றிவிடுகிற குறுக்குவழி
இன்னும் திறந்தே கிடக்கிறது.
சூட்டோடு பச்சைத்தண்ணி
யாருக்கும் தெரியாமல் கலந்துகொண்டிருக்கிறது.

பக்கத்தில் ஒரு துண்டு ரேப்.
பென்சிலில், சரிந்த எழுத்தில்,
ஒரு பெண்ணின் கை:
லொயிட், வசந்தம் வந்ததும் மூன்றையும் திருப்பு.
மூன்றையும்!
கீழே இரண்டு கோடு.

சட்பரியில் இந்த வண்டியை விற்றவர்தான் லொயிட்.
எங்கள் கேள்விகளுக்கெல்லாம்
"அது அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.
அவள் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.
பேரம் பேசுமுன்னமே
எண்ணூறு டொலர் குறைத்தார்.
சாவியைத் தந்த கையால்
வண்டியின் நெற்றியை ஒருக்காத் தட்டினார்.

இரண்டைத் திருப்பியிருக்கிறார்.
மூன்றாவதற்குக் கை எட்டவில்லையோ,
இந்த எழுத்தைக் கண்டதும்
அப்படியே எழும்பிவிட்டாரோ.

கால் திருப்பு.
குழாய்க்குள் தண்ணியின் குரல் மாறியது.

"என்ன பிழை?" என்றார் அருந்தவன் வெளியிலிருந்து.
"ஒரு பிடி."
"புதிசு வாங்கவேணுமோ?"
"கதவைத் தட்டாதேங்கோ" என்றேன்.

ஆறு கலன்.
சிக்கனமாய் விட்டால் ஒன்பது நிமிசம்.
நான் சிக்கனம் பார்க்கவில்லை.
பின்கழுத்தில், பிறகு முழங்காலில்,
பிறகு இன்னொரு தரம் பின்கழுத்தில்.

துடைக்கும்போதுதான் கண்டேன்,
அந்த ரேப் என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
நனைந்தும் பென்சில் அழியவில்லை.
பசைதான் போய்விட்டது.
ஆவி படிந்த கண்ணாடியில் வைத்து அழுத்தினேன்.
ஈரத்திலேயே
பிடித்துக்கொண்டது.