ஒன்பதாவது மீத்தேன்

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த பக்கிரிசாமி
மனுவை வாயால் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
பக்கத்துக்கு இருபது ரூபாய். நகல் தனி.
மன்னார்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே
மாடிப்படி வளைவுக்குள் ஒரு நாற்காலி அகலம்
என் கடை.

“மீத்தேன்னா என்னம்மா, மலைத்தேன் மாதிரியா?”
கிண்டல்தான். அளக்க வந்த கம்பெனி ஆளிடமும்
இதையே கேட்டாராம்.
அவன் சிரிக்கலையாம்.

வேதியியலில் இரண்டு பேப்பர் அரியர் எனக்கு.
ஆனால் பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டன.
சொன்னேன்:
கிரேக்கத்தில் மெத்தி என்றால் மது,
ஹூலே என்றால் மரம்.
விறகை மூடிக் காய்ச்சி வடித்த சாராயத்துக்குப்
பிரான்சில் இரண்டு பேர் கோத்த பெயர்.
அந்த ஹூலே காட்டு மரம், பொருளை உணர்த்தும் மரத்துக்கு
வேறு சொல் இருந்ததாம். பார்க்காமல் போட்டார்கள்.
நின்றுவிட்டது.
பின்னால் வந்த ஒருவர் வாலை நறுக்கி
வேறு வால் வைத்தார்.
மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன்,
வரிசையாக எல்லாம்
ஏன், ஏன் என்றே முடியும்.

“கள்ளும் மரமும்னா
பனைன்னு சொல்லிட்டுப் போயேன்” என்றார்.

நான் சொல்லாதது:
மெத்தியும் நம் வாயில் புழங்கும் மதுவும்
ஒரே கொடியில் காய்த்தவை,
ஆதியில் அதற்குத் தேன் என்றும் பொருள்.
கிண்டல் சரியாக இருந்தது.
மனுவுக்கு உதவாது.

மரமும் பொய்யில்லை.
அவர் வயலுக்கு வெகு ஆழத்தில்
பழுப்பு நிலக்கரியாகப் படுத்திருக்கிறது
யாரும் பெயர் வைக்காத காடு.
மேலே, தாளடிச் சேற்றில் கால் வைத்தால்
விரலிடுக்கில் கொப்புளித்து ஏறுவதும்
அதே வாயுதான்.
“அதுவா? அதுக்கெல்லாம் யாரு பேரு வச்சா” என்று
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

என் விசைப்பலகையில் தவும் நவும்
ஒட்டி உட்கார்ந்தவை.
அவசரத்தில் மீத்தேன் எல்லாம்
மீந்தேன் என்று விழுந்திருந்தது,
ஒன்பது இடத்தில்.
எட்டைத் திருத்தினேன்.

ஐந்து நகலையும் மஞ்சள் பையில் சுருட்டி
திருவாரூர் வண்டியில் அவர் ஏறிய பிறகு
திரையில் கண்டேன் ஒன்பதாவதை.
வரி சரியாக அங்கே மடங்கியிருந்தது:

எனக்குப் பாத்தியப்பட்ட மூன்று மா நிலத்தில் மீந்தேன்

அடுத்த வரியில்
எடுக்க அனுமதிக்க வேண்டாம் என்று
தாழ்மையுடன்.

ஓடிப் பார்த்தேன்.
நடத்துனர் விசில் கொடுத்துவிட்டார்.
மேசையில் சில்லறை பாக்கி,
ஏழு ரூபாய்,
அவருக்குத் தரவேண்டியது.