இரவல் பசி

ஈசூன். அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் உச்சித் தளம்.
சில்லி பாடிச் செடிகளின் தளிரெல்லாம்
அசுவினி மொய்த்துப்
பிசுபிசுவென்று சுருண்டு கிடந்தன.
மருந்தடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.
அதனால் பசியை இரவல் வாங்கினோம்.
அது முட்டையாக வந்தது,
அட்டைத் துண்டில்,
ஒவ்வொன்றும் ஒரு மயிரிழைக் காம்பின் நுனியில்.

பெயர் என்னவோ கண்ணாடி இறக்கைப் பூச்சி.
இறக்கைக்கு இன்னும் நாளிருக்கிறது.
இப்போதைக்கு
வளைந்த தாடை இரண்டு, பின்னால் வயிறு.
அசுவினியைக் கவ்வும், உறிஞ்சும்,
சக்கையை முதுகில் போட்டுக்கொள்ளும்.
செத்தவர் சட்டையில் திரிவதால்
காவல் நிற்கும் எறும்புகள்
ஆள் தெரியாமல் வழிவிடும்.
"திருட்டுப்பயல்" என்பாள் ரொஹாயா.
அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி அது.

பத்தாம் நாள் மின்தூக்கிக்குள் அறிவிப்பு:
டெங்கிப் புகையடிப்பு, வியாழன், காலை ஏழு.
நான்கு மொழியிலும் அதே ஏழு.

புதன் இரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
கைபேசி விளக்கைத் தோளில் இடுக்கி
தூரிகையால் ஒவ்வொன்றாகத் தட்டி
மீ கோரெங் வாங்கிய டப்பாவில் சேர்த்தேன்.
நாற்பத்து மூன்று.
மூடியில் ஊசித் துளைகள்,
ஈரத்துக்கு ஒரு கைலான் இலை.
கடைசிப் பேருந்தில்
அடகு மீட்ட நகைபோல மடியில் வைத்திருந்தேன்.

காலையில் புகை எழுந்தது.
குழாய் பிடித்தவர்
முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்,
தள்ளி நில்லுங்கள் என்றிருக்கும்.
கொசுவோடு போயின
பாகற்கொடியில் இருந்த கும்பிடுபூச்சி,
பெயர் தெரியாத குளவிகள்,
நேற்றுத்தான் வந்திறங்கிய ஒரு பொறிவண்டு.
அசுவினிக்கு ஒன்றும் ஆகவில்லை.
அது சுருட்டி வைத்த இலைக்குள்
புகை நுழையவில்லை.

மாலை, வாடை அடங்கியதும்
டப்பாவைத் திறந்தேன்.
கைலான் இலை வைத்தபடி இருந்தது.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஒன்பது.
நேற்றைவிடப் பருத்து,
ஒன்றின் கண்ணில் ஒன்று படாத தூரத்தில்,
முதுகில் கூடப்பிறந்தவற்றின் தோலோடு.

தீனி போட மறந்தவள் நான்.
ரொஹாயா எட்டிப் பார்த்தாள்,
அந்தப் பாதித் தமிழைச் சொல்லவில்லை.

செடிக்கு ஒன்றாக விட்டேன்.
கடைசியது
தூரிகையிலிருந்து இறங்கி
என் விரல் நுனியைக் கடித்துப் பார்த்தது,
சுருக்கென்று.
பிடிக்கவில்லை போலும்.
தளிரை நோக்கி நடந்தது.