எழுத்துக்கு ஆறு ரூபாய்

ஒடுகத்தூர் சாலையில்
கரும்பு எடைமேடை தாண்டி
புளியமரத்தடியில் நிற்கிறான் அவன்.
முழங்காலுக்குக் கீழே மண்.
ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள்,
மார்பில் மூன்று அம்பு,
மூக்கு இருந்த இடத்தில்
யாரோ அப்பிய மஞ்சள்.

தொல்லியல் துறை மேடம் வந்து
ஈரத்தாளை ஒற்றி மையடித்துப் படித்தார்.
முதல் வரி இல்லை.
மிச்சம் இவ்வளவுதான்:
தொறு மீட்டுப் பட்டான் கல்.

தொறு என்றால் மாடு என்றார்.
பட்டான் என்றால் செத்தான்.
பஸ் நெற்றிகளில் தொரப்பாடி என்று
எத்தனை தடவை எழுதியிருப்பேன்.
அதற்குள்ளும் மாடு படுத்திருக்குமோ?
கேட்டேன்.
இருக்கலாம் என்றார், அதற்குமேல் பேசவில்லை.

முதல் வரி இருந்த இடத்தில்
வழவழவென்று ஒரு குழிவு.
கரும்பு வெட்டப் போகிறவர்கள்
கத்தி தீட்டிக்கொண்ட இடம்.
அவன் பெயர் இரும்போடு ஒட்டி
கொஞ்சம் கொஞ்சமாக
வயலுக்குப் போயிருக்கிறது.

ஊராட்சி செயலர் சம்பங்கி
நோட்டுத்தாள் ஒன்றை நீட்டினார்.
‘இது ............ என்னும் வீரனின் நடுகல்.
மாடுகளை மீட்கும் சண்டையில் இறந்தான்.
சேதப்படுத்தினால் அபராதம்.’
நீலத் தகரம், வெள்ளை எனாமல்.
எழுத்துக்கு ஆறு ரூபாய்,
மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனியாக வாங்குவதில்லை.
பெயரை ராத்திரிக்குள் சொல்கிறேன், பாய்,
என்று போனவர்
போனை அணைத்துவிட்டார்.

ராத்திரி பள்ளிகொண்டாவில்
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து வந்த முதல் ஆள்
கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்
ஒரு பெயர் எழுதி வந்திருந்தார்.
எங்க ஆளு, என்றார்.
அடுத்து ஒரே பைக்கில் இரண்டு பேர்.
அவர்கள் கொண்டுவந்ததில்
பெயரைவிடப் பட்டம் நீளம்.
மனசுக்குள் கணக்குப் போட்டேன்,
நூற்றியிருபது ரூபாய் வரும்.
கடைசியாக வந்தவர் பெயரே சொல்லவில்லை.
நீலம் மட்டும் வேண்டாம் என்றார்.

நீயே சொல்லு பாய்,
அந்த முகத்தைப் பார்த்தா யாரு மாதிரி இருக்கு?
மூக்கே இல்லையே அண்ணே, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

விடிந்ததும் எழுதினேன்.
பெயர் வரவேண்டிய இடத்தில்
ஒரு சாண் நீலத்தை அப்படியே விட்டேன்.
அதற்குக் காசு போடவில்லை.
சம்பங்கி பலகையை நெடுநேரம் பார்த்தார்,
துண்டால் கழுத்தைத் துடைத்தார்,
பில்லில் கையெழுத்துப் போட்டார்.

பொங்கல் முடிந்து ஒருநாள்
பெயின்ட் டப்பாக்களோடு அந்த வழியே வந்தேன்.
நான் விட்ட நீலத்தில்
சோற்றுப் பசையால் ஒட்டிய அரைத்தாள்.
பால்பாயின்ட் பேனாவில்,
கோடு போட்ட தாளிலும் கோணல் போகிற கையெழுத்து:

காணவில்லை.
செவலைப் பசு. ஒத்தக் கொம்பு வளைஞ்சது.
நிறைமாசச் சினை. பேரு அஞ்சலை.
கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்.

கீழே போன் நம்பர்,
கடைசி இரண்டு எண் பனியில் கரைந்திருந்தது.

என் பலகையில் எவன் எதை ஒட்டினாலும்
சுரண்டிவிட்டுத்தான் நகர்வேன்.
எனாமல் உரிந்துவிடும்.
சுரண்டியைக் கையில் எடுத்தும்விட்டேன்.
ஒரு ஓரம் பிய்ந்து
காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.
அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்
பசை மறுபடி பிடிக்கும்வரை.

அப்புறம் வண்டியைக் கிளப்பாமல்
ரோட்டில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு
முள்ளுக்காட்டுப் பக்கம் திரும்பி
அஞ்சலை என்று
ஒருதரம் கூப்பிட்டேன்.